ஆயிரம் அரிசி, ஒரு கவளம்



அட்சய திருதியை நாளன்று மாலை அன்பர் ஒருவர் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். பொழுது சாயுமுன் அனைவரும் உணவை முடித்திருந்தனர். அவ்வீட்டுப் பெயர்த்தி, எட்டாம் வகுப்பில் பயிலும் சிறுமி, கணிப்பொறியின் முன் அமர்ந்திருந்தாள். திரையில் ஓர் ஆங்கிலச் சொல் தோன்றியது. அதன் கீழ் நான்கு சொற்கள் நின்றன. அவற்றுள் பொருள் பொருந்துவதைத் தேர்ந்தெடுத்தவுடன் அரிசிக் கணக்கு ஏறியது. அடுத்த சொல் வந்தது.

"தாத்தா, இன்றைக்கு நான் ஆயிரம் அரிசி தானம் செய்துவிட்டேன்" என்றாள் அச்சிறுமி, முகமெல்லாம் மலர்ந்து.

உள்ளே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அவளுடைய பாட்டியார், "கையால் ஒரு மணியும் எடுத்துக் கொடுக்காமல் அது எப்படியம்மா தானமாகும்?" என்றார்.

சிறுமி என்னை நோக்கினாள். பாட்டியாரும் நோக்கினார். இருவர் கூற்றிலும் உண்மை இருந்ததால் என்னால் உடனே விடைகூற இயலவில்லை. அன்று தராத விடையைப் பல நாள் சிந்தித்து இங்கு எழுதுகின்றேன். அவ்விருவர்க்கு மட்டுமன்றி, பிள்ளைகளின் கையில் கணிப்பொறியையும் கைப்பேசியையும் தந்துவிட்டு அவர்கள் செய்வது நன்றோ தீதோ என்று கலங்கும் பெற்றோர் அனைவர்க்கும் இது பயன்படலாம்.

விளையாட்டின் வரலாறு

அச்சிறுமி ஆடிய விளையாட்டின் பெயர் 'ஃப்ரீரைஸ்' என்பது. அமெரிக்க நாட்டில் ஜான் பிரீன் என்னும் கணிப்பொறி வல்லுநர் அதனை 2007ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் தொடங்கினார். அதற்கு முன்பே, 1999ஆம் ஆண்டில், 'ஹங்கர் சைட்' என்னும் இணையத் தளத்தை நிறுவியவரும் அவரே. அங்குச் சென்று ஒரு பொத்தானை அழுத்தினால், அங்கு விளம்பரம் செய்யும் நிறுவனங்கள் பசித்தோர் உணவுக்கென ஒரு சிறு தொகையைத் தரும். பின்னர் வந்த ஃப்ரீரைஸ் அதே கருத்தோடு கல்வியையும் சேர்த்துக்கொண்டது. ஒரு சொல்லுக்குச் சரியான பொருளைத் தேர்ந்தால் இத்தனை அரிசி என்பது அதன் விதி. பல ஆண்டுகள் ஒரு சரியான விடைக்குப் பத்து அரிசி என்பதே கணக்காக இருந்தது. தவறாக விடையளித்தால் இழப்பு ஏதுமில்லை. சற்று எளிய சொல் அடுத்து வரும். நாளடைவில் கணக்கு, நாடுகளின் தலைநகரங்கள், வேதியியல் குறியீடுகள் முதலிய பாடங்களும் சேர்ந்தன.

தொடங்கிய முதல் நாளில் சேர்ந்த அரிசி 830 மணிகள் மட்டுமே. எறும்பு இழுத்துச் செல்லும் அளவு என்று நகைத்தவரும் இருந்திருப்பர். ஆயினும் நாடெங்கும் உள்ள மாணவர்கள் ஆடத் தொடங்கியபின் அது பெருகியது. 2009ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பிரீன் அத்தளத்தையே ஐக்கிய நாடுகள் அவையின் உலக உணவுத் திட்டத்திற்கு நன்கொடையாக வழங்கிவிட்டார். 1961ஆம் ஆண்டில் உருவாகி, ரோம் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு, போரும் வறட்சியும் வாட்டும் நாடுகளில் உணவளித்துவரும் அவ்வமைப்பு 2020ஆம் ஆண்டில் அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றது. விளையாட்டின் வழியாகச் சேர்ந்த அரிசி மணிகளின் தொகை பத்தாயிரம் கோடியைக் கடந்துவிட்டது.

யார் தந்தது?

பாட்டியாரின் கேள்வியை இனி எடுத்துக்கொள்வோம். திரையில் ஏறிய கணக்கு உண்மை அரிசியன்று. அதற்கு ஈடான தொகையை விளம்பரம் செய்வோரும் புரவலரும் தருகின்றனர். அது உலக உணவுத் திட்டத்தைச் சேர்ந்து உணவாகின்றது. சிறுமியின் கையிலிருந்து ஒரு காசும் செல்லவில்லை. தன்னுடைய பொருளைப் பிறர் நலம் கருதி விட்டுக்கொடுப்பதே தானம் என்பது உமாசுவாமியார் தத்துவார்த்த சூத்திரத்தில் வகுத்த இலக்கணம். அவ்விலக்கணத்தின்படி நோக்கினால் பாட்டியார் கூறியதே சரி. தனதல்லாததைத் தந்து தானம் செய்தேன் எனல் பொருந்தாது.

ஆயினும் நம் அறநூல்கள் அத்துடன் நில்லாமல் ஒவ்வொரு செயலையும் மூவகையாகப் பிரித்துக் காட்டுகின்றன. தானே செய்வது கிருதம். பிறரைக் கொண்டு செய்விப்பது காரிதம். பிறர் செய்வதைக் கண்டு உவந்து உடன்படுவது அனுமோதனை. மனம், மொழி, மெய் என்னும் மூன்றாலும் இம்மூன்றும் நிகழும். ஒரு கொலையைத் தானே செய்யாவிடினும், செய்வித்தவனுக்கும் அதனைக் கண்டு மகிழ்ந்தவனுக்கும் தீவினை வந்து சேரும் என்று நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்றோம். தீவினைக்கு இவ்வாறாயின் நல்வினைக்கும் அவ்வாறே அன்றோ? வணிகர் ஒருவரின் பணப்பெட்டியிலிருந்து பசித்தவன் வாய்க்கு ஒரு பிடி உணவு செல்வதற்குச் சிறுமி காரணமானாள். அதனால் அது காரிதம். சென்றதென்று உள்ளம் மகிழ்ந்தாள். அதனால் அது அனுமோதனை. அவளிடத்தில் இல்லாதது கிருதம் ஒன்றே.

ஆகவே சிறுமி அறம் செய்தாள் என்பதும் மெய். அவள் இன்னும் தானம் செய்யவில்லை என்பதும் மெய். மூன்று படிகளில் இரண்டில் கால்வைத்து நிற்கின்றாள். நின்ற குழந்தையைக் கடிந்துகொள்வது முறையன்று. கைபிடித்து மூன்றாம் படியில் ஏற்றுவதே பெரியோர் கடமை.

விளையாட்டு தகுமா?

விளையாட்டென்றாலே பிரமாதம் அன்றோ, அதாவது விழிப்பின்மை அன்றோ என்று சில பெரியவர்கள் வினவக்கூடும். அவர்கள் அஞ்சுவதில் பொருளுண்டு. பயனின்றி வினையீட்டும் செயல்களை விலக்குவது அனர்த்த தண்ட விரதம். நோக்கமின்றிப் பொழுதையும் பொருளையும் உயிர்களையும் அழிக்கும் பிரமாதசரியை அவ்விரதத்தால் விலக்கப்படுவனவற்றுள் ஒன்று. ஏழு வியசனங்களுள் முதலாவதாக எண்ணப்படுவது சூது. இக்காலத்தில் கைப்பேசி வழியாகப் பணம்வைத்து ஆடும் ஆட்டங்களால் குடும்பங்கள் அழிந்ததை நாம் அறிவோம். ஆதலின் எல்லா ஆட்டத்தையும் ஒரே தட்டில் வைத்தல் கூடாது; எல்லாவற்றையும் கண்மூடி ஏற்றலும் கூடாது.

வேறுபாட்டை அறிய மூன்று கேள்விகள் போதும். இவ்வாட்டத்தில் ஒருவன் வெல்ல மற்றொருவன் தோற்கவேண்டுமா? சூதில் வேண்டும், இதில் வேண்டா. இவ்வாட்டம் ஆசையை வளர்க்கின்றதா, அறிவை வளர்க்கின்றதா? சூது ஆசையை வளர்க்கும். இது ஒரு சொல்லையாவது கற்பிக்கும். ஆடி எழுந்தபின் உள்ளம் சினந்திருக்கின்றதா, கனிந்திருக்கின்றதா? இதற்கு ஆடியவர்தாமே விடைகூறவேண்டும்.

மூன்றிலும் தேறினும் ஓர் எல்லை வேண்டும். நல்ல பாலும் அளவு மிஞ்சினால் செரியாது. போகோபபோக பரிமாண விரதத்தில் உண்பதற்கும் உடுப்பதற்கும் அளவு வகுத்துக்கொள்ளும் நாம், பிள்ளைகளின் கண்ணுக்கும் ஓர் அளவு வகுத்தல் தகும். நாளுக்குக் கால்மணி நேரம் என்று வீட்டில் முடிவு செய்து, அதனைப் பிள்ளையே ஒரு நியமமாக ஏற்குமாறு செய்தல் நன்று. பெற்றோர் விதித்த தடை மீறப்படலாம். தானே ஏற்ற நியமம் எளிதில் மீறப்படாது.

பசியின் அளவு

இனி, நாம் மனநிறைவு கொண்டு அமர்ந்துவிடாதவாறு ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு கிராம் எடையில் ஏறத்தாழ ஐம்பது அரிசி மணிகள் இருக்கும். பத்தாயிரம் கோடி மணிகள் என்பது ஏறத்தாழ 2,000 டன். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் அரிசி எனக் கொண்டால், அது 50 லட்சம் பேருக்கு ஒரு நாள் உணவு. மாணவர்கள் விளையாட்டாகச் சேர்த்தது இவ்வளவு என்பது போற்றத்தக்கதே.

ஆனால் ஐக்கிய நாடுகள் அவையின் அமைப்புகள் 2025ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2024ஆம் ஆண்டில் உலகில் பசியால் வாடியோர் தொகை ஏறத்தாழ 67 கோடியே 30 லட்சம். உலக மக்களுள் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல். இவர்கள் அனைவர்க்கும் மேற்சொன்ன அளவில் ஒரே ஒரு நாள் அரிசியளிக்க 2,69,000 டன்னுக்கு மேல் வேண்டும். விளையாட்டில் சேர்ந்ததை இருமடங்காகக் கொண்டாலும் அந்த ஒரு நாள் தேவையில் நூற்றில் இரண்டு பங்கை அது எட்டாது.

அந்தப் பசி எங்கிருந்து வருகின்றது? உலகில் விளைவு இல்லாமையால் மட்டுமன்று. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சூடான் நாட்டின் வட தார்பூர்ப் பகுதியில், போரால் இடம்பெயர்ந்தோர் தங்கிய சம்சம் முகாமில் பஞ்சம் நிலவுவதாக வல்லுநர் குழு உறுதி செய்தது. நிலம் வறண்டதனால் மட்டும் அங்குப் பஞ்சம் வரவில்லை. படைகள் வழியை அடைத்ததால் வந்தது. அகிம்சை பிறழ்ந்த இடத்தில் அன்னமும் அகன்றது. போர் என்னும் இம்சை ஆயுதத்தால் கொன்றவர்களைவிடப் பட்டினியால் வாட்டுவோர் பலர். ஆகவே பசியைப் போக்குதல் அகிம்சையின் ஓர் அங்கமே. நால்வகைத் தானத்துள் ஆகார தானம் தந்தவன் உயிரைக் காத்த வகையில் அபய தானமும் தந்தவன் ஆகின்றான்.

அந்த மக்கள் நம் சமயத்தார் அல்லரே, அவர்க்குத் தருவது பாத்திர தானம் ஆகுமா என்றொரு ஐயம் எழலாம். முனிவர்க்கும் விரதியர்க்கும் பக்தியோடு தருவது பாத்திர தானம். துன்புறும் எவ்வுயிர்க்கும் இரக்கத்தோடு தருவது கருணா தானம். பின்னதற்குக் குலமும் சமயமும் நாடும் நோக்குவதில்லை. பசி ஒன்றே அங்குத் தகுதி.

மனம் இருந்தும் முறை அறியாமை

அட்சய திருதியையின் வரலாற்றை ஆண்டுதோறும் கேட்கின்றோம். அதனை இந்த நோக்கில் மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஆதிநாதராகிய விருஷப தேவர் துறவு பூண்டு ஆறு திங்கள் உண்ணாநோன்பிருந்து, பின் ஆகாரத்தின் பொருட்டு ஊர்தோறும் எழுந்தருளினார். மக்கள் அவர்பால் அளவற்ற அன்புடையவர்கள். அவர் வருகின்றார் என்றதும் ஓடிவந்தனர். சிலர் மணிகளை நீட்டினர். சிலர் ஆடைகளை விரித்தனர். சிலர் யானையும் குதிரையும் கொணர்ந்து நிறுத்தினர். பெருமான் ஒன்றையும் ஏற்காமல் அமைதியாகக் கடந்து சென்றார். ஊரெங்கும் செல்வம் இருந்தது. கொடுக்கும் மனமும் இருந்தது. பசித்த வயிற்றுக்கு எதனை, எம்முறையில் தரவேண்டும் என்னும் அறிவு ஒன்றே இல்லை. அதனால் மேலும் பல திங்கள் அவர் உணவின்றியே திரும்பினார்.

இறுதியில் அத்தினாபுரத்தில், சோமப்பிரப மன்னனின் தம்பியாகிய சிரேயாம்ச குமாரன், முற்பிறவியில் முனிவர்க்கு ஆகாரம் தந்த நினைவு எழப்பெற்றான். முறையறிந்து பணிந்து எதிர்கொண்டு கரும்புச் சாற்றை அளித்தான். யானையும் மணியும் தீர்க்காத பசியைக் கையளவு சாறு தீர்த்தது.

இவ்வரலாறு தரும் பாடம் யாது? விதி, பொருள், கொடுப்போன், கொள்வோன் ஆகிய நான்கின் சிறப்பினால் தானத்தின் பயன் வேறுபடும் என்னும் உண்மையே அது. இன்றும் நம்மில் பலருக்கு மனம் உண்டு, வழி தெரிவதில்லை. சூடானில் பசித்திருக்கும் ஒரு குழந்தைக்கு இங்கிருந்து நான் என்ன செய்ய இயலும் என்று பெருமூச்செறிந்து செய்தித்தாளை மடித்து வைக்கின்றோம். கணிப்பொறியில் ஒரு சொல்லுக்குப் பொருள் தேடும் சிறுமியோ ஒரு வழியைக் கண்டுகொண்டாள். அவ்வழி சிறியதாயினும் வழியே.

தவளையின் இதழ்

சிறிய தானத்தைப் பேசும்போது அந்தத் தவளையை நினையாதார் யார்? மகாவீரப் பெருமானின் சமவசரணத்தை நோக்கி இராசகிருகத்து மக்கள் திரண்டு சென்றபோது, குளத்துத் தவளையொன்றும் தாமரை இதழ் ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு புறப்பட்டது. சேர்வதற்கு முன்பே சிரேணிக மன்னனின் யானையின் காலடியில் சிக்கி உயிர்நீத்தது. ஆயினும் வழிபடும் பாவனையோடு இறந்தமையால் தேவகதி அடைந்தது.

பாவனை தூயதாயின் இதழ் ஒன்றும் போதும் என்று இக்கதையை நாம் கூறுவது வழக்கம். அது உண்மை. ஆனால் மற்றொன்றையும் மறவாதிருத்தல் வேண்டும். தவளையிடம் இருந்தது அவ்விதழ் ஒன்றே. தன்னால் இயன்ற அனைத்தையும் அது கொண்டுசென்றது. நம் இல்லங்களிலோ குதிர் நிறைய நெல்லும் பெட்டி நிறையப் பொருளும் உள்ளன. அவற்றை அப்படியே பூட்டிவைத்துவிட்டு, பிறர் பணத்தில் பத்து அரிசியை அனுப்பிவிட்டு, தவளையின் புண்ணியம் எனக்கும் உண்டு என்று சொல்லிக்கொள்ள இயலுமா? சிறுமிக்கு அந்தப் பத்து அரிசி தாமரை இதழ்; நமக்கு அது சாக்குப்போக்காகிவிடக் கூடாது.

மூன்றாம் படி

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? நம் நூல்களிலேயே அதற்கு விடை உள்ளது. புறத்தவம் ஆறனுள் உண்ணாநோன்பை அடுத்து வைக்கப்பட்டது அவமோதரியம். அதாவது வயிறு நிறைய உண்ணாமல் குறைத்து உண்ணுதல். அதற்கு அளவு கூறும்போது, ஆடவர்க்கு இயல்பான உணவு முப்பத்திரண்டு கவளம், மகளிர்க்கு இருபத்தெட்டுக் கவளம் என்றும், ஆயிரம் அரிசி கொண்டது ஒரு கவளம் என்றும் நம் மரபில் கணக்குரைத்துள்ளனர். அவற்றில் ஒரு கவளத்தைக் குறைத்தாலும் அது தவமே.

ஆயிரம் அரிசி ஒரு கவளம்! அச்சிறுமி நூறு சொற்களுக்குப் பொருள்கண்டு, அரைநாழிகைக்கு மேல் முயன்று சேர்த்ததும் ஆயிரம் அரிசியே. நாம் பந்தியில் அமர்ந்து, போதும் என்று சொல்ல மறந்து, இலையில் விட்டு எழும் கவளமும் ஆயிரம் அரிசியே. ஒரு குழந்தையின் நூறு நல்விடைகளை நாம் ஒரு நொடியில் இலையோடு மடித்து எறிந்துவிடுகின்றோம். 2022ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று என்றும், அதில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு வீடுகளில் வீணானது என்றும் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டுள்ளது. அந்தக் கணக்கில் நம் வீட்டு இலையும் இருந்திருக்கும் அன்றோ?

ஆகவே இம்முறையை வேண்டிக்கொள்கின்றேன். வீட்டுப் பிள்ளை அறிவு விளையாட்டில் அரிசி சேர்க்கும் நாளில், பெரியோர் தம் உணவில் ஒரு கவளத்தைக் குறைத்துக்கொள்ளட்டும். குறைத்த கவளத்திற்கு ஈடாக, உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்து அதற்கென வைத்த கலயத்தில் இடட்டும். அந்தப் பிடியைப் பிள்ளையின் கையாலேயே அள்ளச் செய்யுங்கள். நாளுக்கு ஒரு பிடி, ஏறத்தாழ நாற்பது கிராம் எனக் கொண்டால், திங்களுக்கு ஒரு கிலோவுக்கு மேல் சேரும். பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் ஆண்டுக்கு நூறு கிலோவைக் கடக்கும். அட்சய திருதியை நாளில் அக்கலயங்களை ஓரிடத்தில் சேர்த்து, அருகில் பசித்திருக்கும் முதியோர்க்கோ, ஆதரவற்ற குழந்தைகளுக்கோ நேரில் அளியுங்கள். தொலைவில் உள்ளோர்க்கு இணையத்தின் வழியும், அருகில் உள்ளோர்க்குக் கலயத்தின் வழியும் திறந்திருக்கட்டும்.

இதனால் மூன்று பயன்கள் விளையும். குறைத்து உண்டதால் தவம், தன்னுடையதைத் தந்ததால் தானம், வீணாக்காததால் அகிம்சை. விளையாட்டு ஒன்று இம்மூன்றுக்கும் வாயிலாக அமையுமாயின் அதனை வெறுப்பானேன்?

நாம் பூசையில் அட்சதை இடுகின்றோம். முனை முறியாத அரிசியைத் தேர்ந்து, அழியாத நிலையை வேண்டி அருகன் திருமுன் வைக்கின்றோம். திருமுன் வைத்த அரிசியின் பொருளை அறிந்தவர், பசித்தவன் முன் வைக்கவேண்டிய அரிசியை மறக்கலாகாது.

இவற்றையெல்லாம் எண்ணிச் சில நாட்களுக்குப்பின் அவ்வில்லத்திற்கு மீண்டும் சென்றேன். சிறுமியிடம், "நீ செய்தது அறந்தான் குழந்தாய், பாதி தானம்" என்றேன். பாட்டியாரிடம், "மற்றப் பாதி உங்கள் முறத்தில் இருக்கின்றதம்மா" என்றேன். பாட்டியார் ஒன்றும் கூறவில்லை. அடுக்களைக்குச் சென்று, ஒரு சிறு மண்கலயத்தைக் கழுவித் துடைத்துக் கொணர்ந்து பெயர்த்தியின் முன் வைத்தார். அரிசிப் பானையின் மூடியையும் அவரே திறந்தார்.

சிறுமி ஒரு பிடி அள்ளினாள். அதற்குள் எத்தனை மணிகள் இருக்கும் என்று எண்ணத் தொடங்கிப் பின் சிரித்துக்கொண்டே கலயத்தில் இட்டாள்.

உங்கள் இல்லத்திலும் அத்தகைய கலயம் ஒன்று இடம்பெறுக. எவ்வுயிரும் பசிநீங்கி இன்புறுக. அருகன் அறம் வாழ்க!